கடைசிக் கிரகத்தில் நிற்கிறேன்

கேப்டனுக்கு,

சிறுவயதில் அப்படிக் கூப்பிட்டால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய். முந்தைய கடிதங்களில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை.

அம்மா காலமான பிறகு உன் அறையை ஒழித்தேன். உன் வீடியோ கேம் பெட்டியும், விண்வெளி ரசிகர் மன்றத்து நோட்டும் கிடைத்தன. அதில் உன் கப்பலில் யாருக்கு என்ன வேலை என்று ஒரு பட்டியல். அம்மாவுக்கு ரேடியோ அதிகாரி பதவி. அப்பா என்பதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

அந்த விளையாட்டைப் பாதியில் சேமித்துவைக்க முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்று நாள் பெட்டியை அணைக்காமலே விளையாடிக் கடைசிக் கிரகம் வரை போயிருந்தாய். "அப்பா, பிளக்கை மட்டும் பிடுங்காதீங்கப்பா" என்று கெஞ்சினாய். பிடுங்கினேன். நீ அழவில்லை. அம்மாதான் சொன்னாள், "இனிமே அவ உங்ககிட்ட எதையும் கேக்க மாட்டா, பாருங்க." நீ கேட்கவே இல்லை, வீட்டை விட்டுப் போனபோதுகூட.

தையல் மெஷினில் முப்பது வருடம் ஓடிய விரல்கள் அந்தப் பொத்தான்களுக்கு லேசில் பணியவில்லை. எட்டு மாதமாகத் தோற்றுத் தோற்று முதலிலிருந்து விளையாடி, நேற்றுதான் கடைசிக் கிரகத்தில் இறங்கினேன். உடனே நிறுத்திவைத்துவிட்டேன். மேற்கொண்டு ஆடமாட்டேன், அது உன்னுடையது. திரை அசையாமல் நிற்கிறது. பெட்டி கொதிக்கிறது, பக்கத்தில் மின்விசிறி வைத்திருக்கிறேன்.

பிளக்கின் மேல் "பிடுங்காதே" என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். இந்த வீட்டில் அதைப் படிக்க என்னைத் தவிர யாரும் இல்லை.

உன் கப்பலில் ஏதாவது ஒரு பதவி கேட்டு,
அப்பா