போட்டோவில் வளைந்த நிலைக்கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால் இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதற்கு ஏன் ஒரு கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அக்கா இருப்பது ஊரிலா சுரங்கத்திலா என்று உன் தம்பி கேட்கிறான். வீடியோவில் வந்தாலும் கழுத்துக்குக் கீழே உன்னைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள் நான், எனக்கு அந்தக் கண்ணாடி ஓட்டை வழியாக உலகம் முழுவதும் கழுத்து வரைதான், அது என் பிழைப்பு. பெற்ற பெண்ணும் கவுன்டருக்கு முன்னால் நிற்கிற பயணி மாதிரி தலையை மட்டும் காட்டினால் எந்த ஊருக்கு டிக்கெட் வேண்டும் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். கோபம் வந்து பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும், ஆறின பிறகு எடுத்துப் படி.

முதலில் உன் அப்பா பட்ட பாட்டைச் சொல்கிறேன். போன மாதம் புது நீலச் சட்டையில் உன் அறை வாசலில் நின்று ஒரு போட்டோ அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் நான் "அடேயப்பா, இளைச்சிட்டா!" என்று கூவிவிட்டேன். பக்கத்து கவுன்டர்க்காரிக்கும் காட்டினேன், பஸ்ஸை எடுக்க வந்த டிரைவருக்கும் காட்டினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொடுத்தால் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நிலை வளைஞ்சிருக்கே" என்றார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, தச்சு வேலை செய்கிற மனுஷர், எந்த வீட்டுக்குப் போனாலும் கதவையும் ஜன்னலையும் நலம் விசாரித்த பிறகுதான் ஆட்களை விசாரிப்பார். "பொண்ணைப் பாருங்க"ன்னு சொன்னால், "பொண்ணு நல்லாத்தான் இருக்கா, கதவு நிலையைப் பாரு, ரெண்டு பக்கமும் இடுப்பு உயரத்துல உள்ளே வாங்கியிருக்கு" என்கிறார். போன் கண்ணாடி மேல் இரும்பு ஸ்கேலை வைத்து அளக்கவும் செய்தார். பச்சை மரத்தில் செய்த நிலை வளையும்தான், ஆனால் ஒரு பக்கமாக வளையும், இரண்டு காலும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே வருவதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். அப்படியானால் மேலேயிருந்து பாரம் அழுத்துகிறது, வீடு இறங்குகிறது என்று முடிவுகட்டிவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மரக்கடைக்குப் போன இடத்தில் எல்லோரிடமும் போட்டோவைக் காட்டியிருக்கிறார். ஒருவர் அஸ்திவாரத்தில் கோளாறு என்றாராம், இன்னொருவர் இப்போதெல்லாம் அங்கே அதுதான் ஸ்டைல், மரத்தைச் சூடாக்கி வளைத்து வைக்கிறார்கள் என்றாராம். "நிலையிலயாய்யா ஸ்டைலு?" என்று அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். உனக்கு நினைவிருக்கும், அப்பா திடீரென்று போன் போட்டு, கதவு சாத்தும்போது உரசுகிறதா, சுவரில் விரிசல் உண்டா, மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று போலீஸ் மாதிரி கேட்டாரே. நீகூட என்னிடம், "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாய். கட்டிலைக் கதவுப் பக்கத்திலிருந்து நகர்த்திப் போடு என்று கெஞ்சினார், நீயும் ஆளை விட்டால் போதுமென்று நகர்த்திவிட்டேன் என்று சொன்னாய். நீ நகர்த்தவில்லை என்பதும் எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இவருக்கு மனசு ஆறவில்லை. அந்தப் போட்டோவைப் பத்திரிகை அளவுக்கு அச்சடித்துக் கொடு, அவள் இருக்கிற வீட்டின் சொந்தக்காரருக்கு விளக்கமாக எழுதிப்போடுகிறேன் என்று உன் தம்பியிடம் போய் நின்றார். பிரிண்டிங் கடையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் அடுத்தவர் போட்டோவில் தொப்பையைக் கரைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை அவன், பார்த்த நிமிஷமே அவனுக்குப் புரிந்திருக்கிறது. அக்காவைக் காட்டிக்கொடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தவன், வீட்டுக்காரருக்குக் கடிதம் போகப்போகிறது என்றதும் வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டான். அக்கா படத்தைத் திருத்தியிருக்கிறாள், போனில் இடுப்பைப் பிடித்து உள்ளே தள்ளினால் இடுப்பு மட்டும் போகாது, பின்னால் இருப்பதும் கூடவே போகும் என்றான். அப்பா நம்பவில்லை. உடனே அவரையே அலமாரி முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, அவர் வயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காட்டினான். தொப்பை போய்விட்டது, அலமாரி கோணிக்கொண்டது. அவன் சிரிக்கிறான், எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா மட்டும் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்போ வீட்டுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "அப்போ அவளுக்குத்தான் என்னமோ" என்றார். எங்கள் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

எனக்கு உன் மேல் கோபம் உண்டு, மறைக்கமாட்டேன். நீ விரலால் தள்ளிவிட்டாயே அந்த இடுப்பு, அது என்னுடையது. எனக்கும் அதுதான், உன் பெரியம்மாவுக்கும் அதுதான். உன் அத்தைமார் எல்லாம் கொடி மாதிரி இருக்கிறார்கள், நீ அந்தப் பக்கம் போகாமல் நேராக என் பக்கம் வந்து சேர்ந்தாய், அதற்கு நான் என்ன செய்யட்டும்? மூக்கு உன் அப்பாவுடையது, அந்த மூக்கை மட்டும் ஒரு விரல்கூடப் படாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறாய். இது என்னடி ஓரவஞ்சனை?

கோபம் தீர்ந்ததும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது, உன் அறைத்தோழி நர்ஸ் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் மேல் பாயாதே. அவளாக வாயைத் திறக்கவில்லை, நான்தான் பிடுங்கினேன். எங்கே போகவேண்டும் என்று தெரியாமல் வந்து நிற்பவர்கள் வாயிலிருந்தே ஊர்ப் பெயரைப் பிடுங்குகிறவள் நான், அந்தச் சின்னப் பெண் எனக்கு எம்மாத்திரம். நீ ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய், மற்ற நேரமெல்லாம் வெறும் காப்பித்தண்ணி என்றாள். ஜிம்மிலிருந்து வந்து எடை மெஷின் மேல் ஏறுவாய், இறங்கி அழுவாய் என்றாள். ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்ததையும் சொன்னாள். கட்டில் கதவுப் பக்கத்திலேயேதான் கிடக்கிறது என்பதும் அவள் சொன்னதுதான். கடைசியில் லீவு விஷயத்தையும் சொல்லிவிட்டாள். "லீவு கிடைக்கலம்மா" என்று நீ சொன்ன அன்றைக்கு உன் மேனேஜரை நான் வைத வசவு கொஞ்சமா? அந்த மனுஷர் நீ கேட்ட அன்றைக்கே கொடுத்துவிட்டாராம், நீதான் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். இன்னும் ஆறு கிலோ குறையட்டும், அப்புறம்தான் வீட்டுக்குப் போவேன் என்றாயாம். பாவம் அந்த மேனேஜர், என் சார்பில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு.

எடையைக் குறைக்காதே என்று நான் சொல்லவரவில்லை, சொல்ல எனக்கு வாயும் இல்லை, நானே குறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீயும் போட்டிக்கு வந்துவிடுவாய் என்று பயம். உட்கார்ந்தே வேலை பார்த்து முட்டி இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தது, கொஞ்சம் எடை குறைந்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. நான் யார், உன்னைப் பெற்றவளாயிற்றே, மறுநாளே சோற்றை நிறுத்தினேன். வெள்ளரிக்காயும் தண்ணீருமாக ஒரு வாரம். வீட்டில் எரிந்து விழுந்தேன், அப்பா ரம்பத்தோடு பட்டறையிலேயே குடியிருந்தார். கவுன்டரில் ஒரு பெரியவருக்கு வடக்கே போகிற பஸ்ஸுக்குப் பதிலாகத் தெற்கே போகிற பஸ்ஸுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி வந்து கேட்டதும் "பார்த்து வாங்கக் கூடாதா?" என்று அவர் மேலேயே கத்தினேன். அப்புறம் உள்ளே போய், ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் அழுதேன். டாக்டரம்மாவிடம் பெருமையாகப் போய் நின்றால் அவர் மெஷினைக்கூடப் பார்க்கவில்லை, என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது யாரு? அடுத்த வருஷமும் இதையே செய்ய முடியும்னு தோணுறதை மட்டும் செய்யுங்க" என்றார். வெள்ளரிக்காயோடு அடுத்த வருஷம் வரைக்குமா என்று நினைத்ததும் எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். தட்டில் பாதி காய்கறி, மீதியில் சோறும் முட்டையும், டீக்கு ஒரு பிஸ்கெட் உண்டு, அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வேலை முடிந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன், சாயங்காலம் அப்பாவும் கூட வருகிறார், வழியில் எந்த வீட்டு வாசல் கோணல் என்று சொல்லிக்கொண்டே வருவதால் நேரம் போவது தெரியவில்லை. எடை மெஷினை அவர் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார், பசை தடவின பலகை மேல் பாரமாக வைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாதாம். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது, சில மாதம் இறங்குவதே இல்லை. ஆனால் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறுகிறேன். அது போதும் எனக்கு. நான் இன்றைக்கும் குண்டுதான், நாளைக்கும் உன் அத்தை மாதிரி ஆகப்போவதில்லை, அதற்காக என் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திட்டித் திட்டி உடம்பிடம் வேலை வாங்க முடியாதடி. உன் மேனேஜர் காலையிலிருந்து ராத்திரி வரை உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால் நீ எத்தனை நாள் அங்கே வேலை பார்ப்பாய்? நீ உன்னை அப்படித்தான் நடத்துகிறாய். உன் தோழியின் ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற ஒரு டாக்டர் இருக்கிறாராம், சாப்பாட்டு விஷயமாகத் தங்களையே வதைத்துக்கொள்கிற பெண்கள் நிறையப் பேர் அவரிடம் வருகிறார்களாம். போய்ப் பார். மூஞ்சியைச் சுளிக்காதே, முட்டிக்கு டாக்டரிடம் போக நான் வெட்கப்பட்டேனா? மயங்கி விழுந்ததற்கும் ஒரு தடவை ரத்தம் சோதித்துவிடு.

யார் என்ன சொல்வார்களோ என்று பயமா? எதிர்வீட்டம்மா சொல்வாள். "என்னடி இப்படி ஆயிட்டே?" என்று கேட்பாள். நீ ஒல்லியாக வந்து நின்றாலும் அதையேதான் கேட்பாள், போன மாதம் நம் வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோதும் அதைத்தான் கேட்டாள். அவளுக்காகவா நீ என்னைப் பார்க்க வராமல் இருக்கிறாய்?

தேர்வில் பாஸானால் சைக்கிள் வாங்கித் தருகிறோம் என்று சின்ன வயதில் உனக்கு ஆசை காட்டினோம், அது சைக்கிள். வீட்டுக்கு வருவதற்கு யாரும் தேர்வு வைக்கவில்லை, நீயாகவே வைத்து நீயாகவே உன்னை ஃபெயில் ஆக்கிக்கொண்டிருக்கிறாய். ஆறு கிலோ போனால் இன்னொரு மூன்று கிலோ என்பாய், உன்னை எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. கேலியும் கிண்டலுமாக இவ்வளவு எழுதினாலும் அதுதான் உண்மை, ராத்திரி அப்பாவும் நானும் பேசிக்கொள்வதும் அதுதான். நீ குண்டாக வந்தால் என் மகள் வருவாள். ஒல்லியாக வந்தாலும் என் மகள்தான் வருவாள். நீ வராமலே இருந்தால் எனக்கு இரண்டில் ஒன்றுகூடக் கிடைக்காது.

நீ நன்றாக இருப்பாய், உனக்கு ஒரு குறையும் வராது, எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இதைப் படித்து முடித்ததும் முதலில் எதையாவது சாப்பிடு. திங்கட்கிழமை மறக்காமல் மேனேஜரிடம் போய் லீவைத் திரும்பக் கேள்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா