ஆறியபின் எடுத்த அளவு

ஜூன் 3

அன்புள்ள மகாராணிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்ற தைரியத்தில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோவுக்காக நான் கட்டும் ஆம்ப்ளிஃபயர் சாப்பாட்டு மேசையில் பாதியில் நிற்கிறது. இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலது ஸ்பீக்கருக்கு ஒன்று என ஒரே குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர் வேண்டும். துளி மின்சாரம் கொடுத்தால் எத்தனை மடங்காகப் பெருக்குகிறது என்று ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்து ஜோடி சேர்க்கிறேன். காலையில் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல இருப்பவை சாயங்காலம் பங்காளிகளாகிவிடுகின்றன. நீ பக்கத்தில் இருந்து மீட்டரைப் படித்துச் சொன்னவரை இந்தத் தொல்லை இல்லை. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். திட்டாதே.

உன் விஞ்ஞானி

ஜூன் 11

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கும் எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று இரண்டு முறை தேடிப் படித்தேன். நர்ஸ் மாணவிகளுக்குப் பாடம் எடுக்க இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், என்ன பதில் சொல்லட்டும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறீர்கள்.

பாவம், மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். டிரான்சிஸ்டரை விரலில் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுச் செருகுவீர்கள், உடனே அளவெடுப்பீர்கள். கைச்சூட்டில் அளவு ஏறத்தானே செய்யும்? சூடாக டீ குடித்த வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் காய்ச்சல் என்றுதான் காட்டும். நான் இருந்தபோது நீங்கள் செருகியதும், "டீ ஆறுது, வாங்க" என்று கூப்பிடுவேன். குடித்துவிட்டு வருவதற்குள் அதுவும் ஆறியிருக்கும். அவ்வளவுதான் சங்கதி.

இந்த மாதத்துக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மகாராணி

ஜூன் 18

என் மகாராணிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். செருகிவிட்டு நானே டீ போட்டு உட்கார்ந்தேன். டீ வாயில் வைக்க வழங்கவில்லை, ஆனால் ஜோடி கிடைத்துவிட்டது. காலையிலும் மாலையிலும் ஒரே அளவு.

குடிக்கும்போது எதிரே உன் நாற்காலியைப் பார்த்தேன். அதில் ஈயத்தைச் சூட்டில் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் உட்கார்ந்திருந்தது. என்னால் உன் வேலை கெட வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு அங்கே பிடித்திருந்தால் இரு, முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் என் மனசைக் கேட்டால், வந்துவிடு. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

உன் விஞ்ஞானி

ஜூன் 25

என்னங்க,

உங்கள் டிரான்சிஸ்டர் கடிதத்தைப் படித்த கோபத்தில், ஒரு வருஷம் இருக்கச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். சூட்டோடு அளவெடுக்காதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நானே அப்படிச் செய்யலாமா? ஆறட்டும் என்று அதை அப்படியே வைத்துவிட்டேன். நேற்று உங்கள் கடிதம் வந்தது. இன்று போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இங்குள்ள பிள்ளைகளை விட்டு வர வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

வரும் ஞாயிறு வருகிறேன். சாப்பாட்டு மேசை முழுவதையும் காலி செய்ய வேண்டாம். என் நாற்காலியில் இருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், ஆறிவிட்டதா என்று பார்த்துவிட்டு.

உங்கள் மகாராணி