பன்னிரண்டாவது போல்ட்டு

சூடான இரும்பில் தேங்காய் எண்ணெய் சொட்டினால் ஒரு வாசனை வருமே, தாளிப்பும் இல்லாமல் கருகலும் இல்லாமல், அந்த வாசனை இன்று காலை மூக்கில் ஏறியதும் கை தானாக ட்ரில்லிங் மிஷினை நிறுத்திவிட்டது. புது வண்டியின் பின்பாடியில் மண்டியிட்டு, நானே எண்ணெய் சொட்டவிட்டு இரண்டாவது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்றே நினைத்து, "இன்னும் எண்ணெய் ஊத்துடி, பாத்துக்கினு நிக்கிற" என்று அதட்டியும் விட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. நல்லவேளை, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை.

புது வண்டி என்றால் புத்தம்புதிது இல்லை, ஒருவர் ஓட்டிக் கொடுத்த பிக்கப்தான். பழையதைப் போன மாதம் தள்ளிவிட்டேன். இதிலும் ஓரத்தில் நாலு கொக்கியைத் தவிர சாமானைக் கட்ட ஒன்றும் கிடையாது. அதனால் நாம் அன்று செய்த மாதிரியே, பாடியின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரும்புச் சட்டம் பதிக்க உட்கார்ந்தேன். மதியம் உன் வீட்டுத் தறியை ஏற்ற வேண்டும். உன் மகள் அப்பாவையும் தறியையும் சேர்த்து பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். வேறு வண்டி பேச அவளுக்கு மனசு வரவில்லை. வேறு யாராவது அந்தத் தறியைத் தொடுவதை என்னாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இதை எழுதுவதே அதற்காகத்தான். ஆனால் எடுத்த எடுப்பில் ஆரம்பித்தால், "மொதல்ல விஷயத்தச் சொல்லுடி, அப்புறம் மூஞ்சத் தூக்கு" என்பாய். சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு முதுகு போன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது உனக்குத் தெரியும். திருப்பருத்திக்குன்றத்தில் சமண நயினார் வீட்டுப் பெண் லோடு வண்டி ஓட்டுகிறாள் என்று ஊரே கொஞ்ச நாள் வாயில் போட்டு மென்றது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நீ ஒருத்திதான், "ஹாரன் நல்லா அடி, வழி வுடுவானுங்க" என்றாய். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே சுமை நெல் மூட்டை. அறுப்பு முடிந்தால் வாலாஜாபாத் அரிசி மில், மறுபடி அறுப்பு, மறுபடி மில். மூட்டை கட்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒரே விதிதான். காலை ஊன்று, பல்லைக் கடி, கயிறு முனகும் வரை இழு.

ஒரு நாள் முகம் வெளிறி வந்து நின்றாய். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிவிட்டார், திருப்புட்குழிப் பக்கம் வேறு வீடு பார்த்தாகிவிட்டது.

"தறியில பாதிப் புடவை நிக்குதுடி. முகூர்த்தப் புடவை. அறுக்கவும் முடியாது, முடிக்கவும் நாளில்ல. அப்படியே தூக்கிக்கினு போவணும்."

அப்படியே என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குப் புரியவைத்தாய். தறிக்கு மேலே உட்கார்ந்து பூவேலையைத் தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மழைத்தாரை போல் தொங்கும் கயிறுகள், கயிற்றில் கோத்த பாவு நூல், பாவின் முனையில் பாதி நெய்த புடவை, எல்லாம் ஒன்றாகவே பயணம் போக வேண்டும். பெட்டி சரிந்தால் பாவு சிக்கும். பாவு சிக்கினால், நெய்யக் கொடுத்த பட்டு முதலாளி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பாவைக் கண்ணில் காட்ட மாட்டார். உங்கள் அடுப்பு எரிவதே அதில்தான். இரண்டு வண்டிக்காரர்களிடம் கேட்டிருக்கிறாய். உடைந்தால் பொறுப்பில்லை என்று இருவரும் கைவிரித்துவிட்டார்கள்.

"என் வண்டியிலயும் வழுக்கும்" என்றேன். "கட்டறதுக்கு உள்ள எதுவும் இல்ல. ஆனா சட்டம் அடிச்சிடலாம்."

"என் தறிக்காக உன் வண்டிக்குள்ள தண்டவாளம் போடப் போறியா?" என்று சிரித்தாய். கண் மட்டும் கலங்கியிருந்தது.

காயலான் கடையில் இரண்டு நீள இரும்புச் சேனல் வாங்கினோம், சாமான் கட்டும் பெல்ட் கொக்கியை மாட்ட வழிநெடுக ஓட்டை போட்டது. சட்டத்துக்கு ஆறு போல்ட்டு, மொத்தம் பன்னிரண்டு. கடைக்காரரிடம் நீள போல்ட்டுதான் இருந்தது. தேவைக்கு மேல் ஒரு விரல் நீளம். "மிச்சம் கீழ தொங்கினா தொங்கிட்டுப் போவுது" என்றாய். வீட்டு கேட்டுக்கு அடித்த பச்சை பெயிண்டு கொஞ்சம் மீதியிருந்தது. துரு ஏறாமல் இருக்க எல்லா போல்ட்டுத் தலையிலும் அதைப் பூசினேன். பட்டாணி மாதிரி வரிசையாக இருந்தது.

வேலை ஆரம்பிக்கும்போதே தகராறு. ரப்பர் மேட்டைத் தூக்கினால் அடியில் சாரை சாரையாக எறும்பு. எங்கள் வீட்டில் தெரிந்தே ஓர் எறும்பை நசுக்க மாட்டோம். அது தானாக நகரட்டும் என்று வெல்லத் துண்டை வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் போயிற்று. "எனக்கு ஓனர் ஒரு மாசம் டைம் குடுத்தாரு. நீ எறும்புக்கு எவ்ளோ குடுத்துக்கிற?" என்று கேட்டாய். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

சாக்பீஸ் கோடு ஈரத்தில் அழிந்தபோது, மடியிலிருந்து சிவப்புப் பட்டு இழை ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் இழுத்துக் கட்டினாய். அதைவிட நேரான கோட்டை நான் பார்த்ததில்லை. நான் மிஷினை வைத்து அழுத்தப் போகையில், "இரு, இரு, எங்க வைக்கிற?" என்று வண்டிக்கடியில் புகுந்துவிட்டாய். கீழேயிருந்து உன் குரல் வந்தது.

"அறிவு கெட்டவளே, நேரா கீழ பிரேக் பைப்பு ஓடுது. நாலு விரக்கட தள்ளி வை."

தள்ளி வைத்தேன். இரும்பு சூடேறிக் கிறீச்சிட்டதும், தலைக்குத் தடவ வைத்திருந்த எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து சொட்டு சொட்டாக விட்டாய். மேலே போல்ட்டைப் பிடிப்பது நான், கீழே படுத்து நட்டு முறுக்குவது நீ. வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். என் மனசு அன்று குளிர்ந்ததை இப்போது நினைத்தாலும் நன்றாக இருக்கிறது.

மறுநாள் தறியை ஏற்றினோம். ராட்செட் பெல்ட்டைச் சட்டத்தில் மாட்டி, பெட்டிக்கு மேல் போட்டு, கிளிக் கிளிக் என்று இறுக்கினேன். "போதும்டி" என்றாய். நான் கேட்பேனா? நெல் மூட்டைக் கை. காலை ஊன்றி, பல்லைக் கடித்து, இன்னும் இரண்டு கிளிக். அப்போது எங்கோ லேசாக முறிகிற சத்தம் கேட்டது. பெல்ட்டுதான் இறுகுகிறது என்று நினைத்தேன்.

திருப்புட்குழி போகும்வரை பெட்டி இம்மி அசையவில்லை. பொழுது சாயும் நேரம் நெருங்கிவிட்டது. இருட்டினால் எனக்குச் சோறு கிடையாது, அது எங்கள் நியமம். பள்ளிக்கூடத்தில் மாலை டியூஷன் இருந்த நாட்களிலும் அதைக் கடிகாரம் போல் ஞாபகம் வைத்திருந்தவள் நீ. அன்றும் இறங்கின உடனே, "பொழுது சாயப் போவுது, மொதல்ல நீ சாப்பிடு. நானும் அவரும் இறக்கிக்கிறோம்" என்று என்னை உள்ளே தள்ளினாய். பூண்டு வெங்காயம் போடாமல் தனியாகச் செய்து வைத்திருந்த பருப்பும் சோறும். நிதானமாகச் சாப்பிட்டேன். வெளியே வந்தபோது பெட்டி வீட்டுக்குள் போயிருந்தது.

அடுத்த நாள் வண்டியைக் கழுவும்போது பார்த்தால் வலப்பக்கச் சட்டத்தின் கடைசி போல்ட்டைக் காணோம். எனக்கு வந்ததே கோபம்! போனிலேயே உன்னைக் கிழித்தேன். "ஒரு நட்டு ஒழுங்கா முறுக்கத் தெரியல உனக்கு. ரோட்டுல வுழுந்துடுச்சு. பெட்டி சரிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?" நீ அமைதியாக, "ஆமாம்மா, என் தப்புதான்" என்றாய். அதற்கப்புறம் எத்தனை வருஷம் உன்னைக் கேலி செய்திருக்கிறேன்! பாட்டில் மூடியை நீ மூடினாலும், "நல்லா முறுக்கு, போல்ட்டு மாதிரி வுட்டுடாத" என்பேன். உன் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால் கூடச் சொன்னேன். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

அந்தப் புடவை ஓர் இழை பிசகாமல் முடிந்தது. மடித்துக் கொடுக்கும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அன்றுதான் ஒன்று சொன்னாய்: "இனிமே தறி சாமான் கட்டினா கடைசி ரெண்டு கிளிக் வேணாம்டி. மூட்டைக்குத்தான் இறுக்கணும். தறிக்குப் பதம் போதும்." பெல்ட்டு தேயாமல் இருக்கச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் உன் பேச்சைக் கேட்டேன். அந்தப் பேச்சுதான் எனக்குச் சோறு போட்டது. தறி மாற்ற வேண்டுமென்றால், "நயினார் வீட்டம்மா வண்டியக் கூப்பிடு, ஒரு கீறல் வுழாது" என்று தெருத் தெருவாகச் சொன்னார்கள். நெல் இல்லாத மாதங்களிலும் வண்டி நிற்கவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

இன்று மதியம் பெட்டியை ஏற்றிவிட்டு, பெல்ட்டு எங்கே உட்காருகிறது என்று பார்க்கக் குனிந்தேன். பெட்டியின் மரச்சட்டத்து மூலையில், பழைய விரிசல் ஒன்றைச் சேர்த்துப் பிடித்தபடி ஒரு போல்ட்டு. தலையில் பச்சை பெயிண்டு. பாதி உதிர்ந்திருந்தது, இருந்தாலும் என் வீட்டு கேட்டின் பச்சையை எனக்குத் தெரியாதா? நீ கொண்டுபோய் மாட்டியிருக்கிறாய். ரோட்டில் அது விழவே இல்லை.

உன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு பெல்ட்ட அவுத்ததும் பெட்டியோட மரச்சட்டம் பொளந்து நின்னுச்சும்மா. எனக்கு உசிரே போச்சு. நீங்க உள்ள சாப்பிட்டுக்கினு இருந்தீங்க. அவதான் வண்டிக்கடியில பூந்து ஒரு போல்ட்டக் கயட்டிக்கினு வந்து, ஓட்ட போட்டு மாட்டினா. 'அவ கிட்ட மூச்சு வுடாத. இப்பதான் வண்டியப் புடிச்சிக்கிறா. தறிய உடைச்சிட்டோம்னு தெரிஞ்சா அப்புறம் தொடவே மாட்டா'ன்னு சொன்னா."

நான் அந்த இடத்திலேயே, புது வண்டியின் பாடியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். யாருக்குத் தெரிந்தால் என்ன? உன் அடுப்பையே உடைக்கப் பார்த்தவள் நான். நட்டு முறுக்கத் தெரியாதவள் என்ற பெயரை இத்தனை வருஷம் சுமந்தவள் நீ. சம்பந்தி வீட்டார் முன்னாலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், பாவி. உன்னிடம் ஒரு மன்னிப்பு கேட்க ஒரு சந்தர்ப்பம் கொடுத்தாயா? இதுதான் என் சண்டை. இதைப் போட உன்னைவிட்டால் ஆளில்லை.

உன் மகள், "பெரியம்மா, வேற புது போல்ட்டு மாட்டிடலாமா?" என்று கேட்டாள். "கை வச்சே, தொலைச்சிடுவேன்" என்றேன். பெல்ட்டைப் போட்டு இறுக்கினேன். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறுக்கினேன். இரண்டு கிளிக் மிச்சம் இருக்கும்போது கையை எடுத்துவிட்டேன். இனி அந்த இரண்டு கிளிக்கை விடும்போதெல்லாம், அது எந்தப் பெட்டியானாலும், உனக்குத்தான் நன்றி சொல்வேன்.

பிள்ளையார்பாளையம் போய்ச் சேரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. வண்டியை நிறுத்தியதும் உன் மகள் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, பொழுது சாயப் போவுது. மொதல்ல நீங்க சாப்பிடுங்க. நாங்க இறக்கிக்கிறோம்."

உன் குரலேதான். உள்ளே இலை போட்டிருந்தாள், வெங்காயம் பூண்டு இல்லாத பருப்பும் சோறும். இந்த முறை நான் அவசரமாகத்தான் சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு நேரே வண்டிக்குப் போய், இரும்புச் சட்டத்தில் காலையில் நான் பச்சை பூசியிருந்த போல்ட்டுத் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.

பன்னிரண்டும் இருந்தது. ஒன்று குறைந்திருக்கக் கூடாதா என்று இருந்ததடி எனக்கு.