ஜீப்பில் ஒலித்த உன் மகன் குரல்

என் சிரிப்பில் பாதிக்குப் பங்காளியான மாப்ளே செல்லத்துரைக்கு, உன் மச்சான் வீரணன் எழுதுவது.

மேலே எப்படி இருக்கிறாய்? அங்கே கபடி உண்டா? இல்லாவிட்டாலும் இந்நேரம் நீ ஆரம்பித்திருப்பாய். காற்று வாங்க வந்த தேவர்களில் ஏழு பேரைப் பிடித்து நிறுத்தி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, "சாகாவரம் வாங்குன ஆளுகளுக்கு மூச்சு வாங்கலாமாய்யா?" என்று அதட்டிக்கொண்டிருப்பாய்.

இங்கே நீ தொடங்கிய கபடிக் குழுவுக்கு இப்போது நான்தான் தலைவர். சிரிக்காதே. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு விசிலும் என் ஆளுகைக்கு உட்பட்டவை. என் விசில் சத்தம் கேட்டால் தேவாரம் ஊருக்குள் இறங்கிய யானை கூடக் காட்டுக்குத் திரும்பிவிடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். யானைகள் இதுவரை மறுக்கவில்லை.

இது உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டிய சேதி. ஆனால் தனியாகப் பேசிய ஒரு பேச்சு தெருவுக்கு வந்ததால் வந்த வினை இது. அதனால் ஊர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பெண்களிடமும் கேட்டுக்கொண்டேன். ஆளுக்கு ஒரு மாதிரி இந்தக் கதை ஏற்கெனவே போடிக்கும் குரங்கணிக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பொய் சொல்வதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்பது உனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் மகன் பாண்டி ரெய்டு போகிற அழகைப் பார்க்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லை மாப்ளே. அவன் தொடையைத் தட்டினால் மூணாறு டீக்கடையில் கண்ணாடி டம்ளர் அதிர்கிறது. கோட்டைத் தாண்டி அவன் ஒரு காலை வைத்தால் மேற்கு மலை ஒரு அடி பின்வாங்கி நிற்கிறது. மாநிலப் போட்டிக்கு நம் குழு நாளைக் காலையில் கிளம்புகிறது. பெரிய லீக்கில் ஆடும் அணிகளிலிருந்து ஆள் எடுக்க அங்கே வருவார்கள். போன வருடம் வந்தவர்கள் பாண்டியை ஓரமாகக் கூப்பிட்டு, "அடுத்த வருசம் வா தம்பி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வார்த்தையில் என் தங்கச்சி ராசாத்தி மனசுக்குள் பாதி வீடு கட்டிவிட்டாள்.

அவன் எப்படி இவ்வளவு கெட்டிக்காரன் ஆனான் என்பதையும் சொல்ல வேண்டும். காய் எடுக்கிற பருவம் வந்தால் நம் பயல்களில் பாதிப் பேர் ஏலத்தோட்டத்துக்கு மலையேறிவிடுவார்கள். ரெய்டு போகிறவனைப் பிடிக்க ஆள் இருக்காது. அப்போது எதிரே நின்று பிடித்தது நம் பெண்கள் குழு. காலேஜுக்குப் போகிற கவிதாதான் அவர்களுக்குத் தலைவி. கணுக்காலைப் பிடித்தாள் என்றால் உடும்பு வந்து பாடம் கேட்டுக்கொண்டு போகும். அவர்கள் பிடித்துப் பிடித்துத்தான் உன் மகன் வழுக்கி ஓடக் கற்றுக்கொண்டான்.

இனிமேல்தான் கெட்ட சேதி.

நீ ஓட்டிய ஜீப்பை இப்போது சுருளி ஓட்டுகிறான். பாண்டியின் சிநேகிதன். தினமும் விடியும் முன் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்குப் போவான். ராசாத்தியும் அதில்தான் போகிறாள். இன்றைக்கு எந்தச் சரிவில் காய் எடுக்க வேண்டும் என்று கங்காணி போனில் குரல் பதிவு அனுப்புவார். சுருளி அதை ஜீப்பு ஸ்பீக்கரில் போடுவான். எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். தினமும் நடக்கிற வழக்கம்.

அன்றைக்கு முந்தல் தாண்டி வளைவு ஏறும்போது, கங்காணி அனுப்பியது என்று நினைத்துச் சுருளி ஒன்றை அழுத்தினான். அது பாண்டி முதல் நாள் இரவு அவனுக்கு மட்டும் அனுப்பிய பேச்சு.

குரல் வந்ததும் ஜீப்புக்குள் ஒரே கொண்டாட்டம்.

"அடியே, நம்ம பாண்டிடீ!"

"ஏ ராசாத்தி, ஒம் மகென்டி! லீக்குல எடுத்துட்டாகளா?"

"சுருளி, சத்தத்தக் கூட்டப்பா. பயபுள்ள என்னா சொல்றான்னு கேப்போம்."

சுருளி சத்தத்தைக் கூட்டினான்.

குழு புதிதாக வாங்கிய கபடி விரிப்பில் சாயங்காலம் ஒரு மணி நேரம் தங்களுக்கும் வேண்டும் என்று பெண்கள் கேட்டிருந்தார்கள். அந்தக் கடுப்பில் பாண்டி பேசியிருக்கிறான். கவிதாவைப் பேர் சொல்லி. பிடிக்க வரும்போது யாருடைய உடம்பு எப்படி என்று. அதோடு விட்டானா? ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிற பெண்கள் அங்கே எதற்குப் போகிறார்கள் என்று வேறு. மீதியை எழுத மாட்டேன். நானும் வாய்க்கொழுப்பில் பட்டம் வாங்கியவன்தான், ஆனாலும் எழுத மாட்டேன்.

எதிரே லாரி இறங்கிக்கொண்டிருந்தது. சுருளிக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில். போன் வழுக்கிக் காலடியில் விழுந்துவிட்டது. பேச்சு கடைசி வரைக்கும் ஓடியது. ராசாத்திக்குப் பக்கத்தில் தினமும் உட்காருகிறவள் மாரியம்மா. கவிதாவைப் பெற்றவள். இருவர் தோளும் ஒவ்வொரு வளைவிலும் உரசிக்கொண்டுதானே போக வேண்டும்? இறங்கிப் போக இடம் ஏது?

அன்று தோட்டத்தில் ராசாத்தி குனிந்த செடிக்கு அடுத்த செடியில் யாரும் குனியவில்லையாம். இதை மட்டும்தான் என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் பாண்டி மைதானத்துக்கு வந்தான். சேதி இன்னும் அவனுக்குத் தெரியாது. தொடையைத் தட்டிக்கொண்டு நின்றான். பெண்கள் எல்லாரும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். கவிதா நேராக என் நாற்காலிக்கு வந்தாள்.

"பெரியப்பா, இனிமே நாங்க இவனப் பிடிக்க மாட்டோம்."

"ஏத்தா?"

"பிடிக்கிறப்ப இவன் மனசுல என்னா ஓடுதுன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுக்கிட்டு எப்படிப் பெரியப்பா இடுப்பப் பிடிக்கிறது?"

கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி மடியில் வைத்தேன் மாப்ளே.

"அவன் எங்க போயி வேணா ஆடட்டும்," என்றாள். "ஆனா நம்ம ஊருப் பேரு போட்ட சட்டையில கேப்டனா அவன் நிப்பான், நாங்க வெளியில நின்னு கை தட்டணுமா?"

அன்றிரவே பாண்டி வாட்ஸப்பில் மன்னிப்புக் கேட்டு ஸ்டேட்டஸ் போட்டான். கும்பிடுகிற கை படம் வரிசையாக. அத்தனை கும்பிடுக்குக் கொட்டகுடி ஆறு திரும்பி மலையேறியிருக்க வேண்டும். மறுநாள் அது தானாக அழிந்தும் போனது. கவிதா வீட்டுக்கு அவன் போகவில்லை.

என்னிடம் வந்தான். "மாமா, தப்புத்தான். ஆனா நான் ஊரக் கூட்டியா பேசுனேன்? சுருளிக்கு மட்டுந்தான அனுப்புனேன்? ஒரு ஆளுகிட்டத் தனியாப் பேசுனதுக்கு என் பொழப்பையே கெடுப்பீகளா?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் ஒவ்வொருவர் போனையும் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டால் போடியில் அப்புறம் ஒரு கல்யாணம் நடக்காது, ஒரு பங்காளி இன்னொரு பங்காளி வீட்டில் கை நனைக்க மாட்டான், டீக்கடைகளை இழுத்து மூட வேண்டியதுதான். போனுக்குள் மூக்கை நுழைக்கிற சோலியை நம் குழு ஒருநாளும் செய்யாது. பாண்டியின் போனைத் திருடிக்கொண்டு யாராவது என்னிடம் வந்திருந்தால், வந்தவனைத்தான் முதலில் உதைத்திருப்பேன்.

ஆனால் யார் காதில் விழக்கூடாதோ அவர்கள் காதிலேயே அது விழுந்துவிட்டது. அவன் என்னைத் திட்டி அனுப்பியிருந்தால் நானே இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டுச் சிரித்திருப்பேன். அவன் பேசியது தன்னை நம்பித் தொட்டு ஆடுகிறவர்களைப் பற்றி. உடம்பும் உடம்பும் மோதுகிற ஆட்டத்தில், மோதுகிற நேரத்தில் அது ஆட்டம் மட்டும்தான் என்கிற நம்பிக்கை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த நம்பிக்கையை வாங்கித்தானே அவன் பிழைப்பே வளர்ந்தது?

ராசாத்தி என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். "அண்ணே, தகப்பன் இல்லாத புள்ள. தாய்மாமன் நீயே அவன் கால ஒடிச்சா அவன் எங்க போவான்? அவுக இருந்தா இப்படி விட்டிருப்பாகளா?"

உன் பேரை இப்போது ஆளாளுக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள் மாப்ளே. செல்லத்துரை இருந்தால் மகனை மன்னித்திருப்பான் என்கிறது ஒரு டீக்கடை. செல்லத்துரை இருந்தால் மகனை மெட்டிலிருந்து உருட்டி விட்டிருப்பான் என்கிறது எதிர் டீக்கடை. நீ உண்மையில் என்ன செய்திருப்பாய்? எனக்குத் தெரியவில்லை. பெண்களும் ஆடட்டும் என்று முதலில் கோடு போட்டுக் கொடுத்தவன் நீ. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஜீப்பை நடுவழியில் திருப்பியவனும் நீதான். இதில் எந்தச் செல்லத்துரையைக் கேட்பது?

நேற்று மைதானத்தில் குழுக் கூட்டம். ராசாத்தி வந்து ஓரமாக நின்றாள். மகனுக்காகக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். பொருளாளர் தங்கராசு ஆரம்பித்தார்.

"தலைவரே, வெரசா முடிங்க. கோப்பை வேணுமா வேணாமா? ஜீப்புல போற நாலு பொம்பளைக மொகத்தச் சுளிச்சாகன்னு இப்படி ஒரு ஆட்டக்காரன உக்கார வைக்கிறதா? அவுகளுக்கு என்னா, நாளைக்கே மறந்துருவாக."

ராசாத்தி முன்னால் வந்தாள்.

"யோவ், நானும் அந்த ஜீப்புலதான்யா உக்காந்திருந்தேன். மலைக்குப் போற பொம்பளைகன்னுதான் பேசுனான். நான் என்ன ஏரோப்பிளேன்லயா போறேன்?"

பாண்டி தலை தொங்கிவிட்டது. அவனுக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. தன் பேச்சுக்குள் தன் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள் என்று.

"அதுக்காக எம் மகன வெளிய நிறுத்துங்கன்னும் சொல்ல முடியல, வச்சு ஆடுங்கன்னும் சொல்ல முடியல," என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் எழுந்தேன். அகில உலக வரலாற்றில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுவதற்கு அவ்வளவு பாடுபட்ட மனிதன் இருக்க முடியாது. விசிலை ஊதவில்லை. மெதுவாகவே சொன்னேன். பாண்டி இனிக் கேப்டன் இல்லை. இந்தப் போட்டிக்கு அவன் வரவில்லை. லீக் ஆட்கள் இவன் எங்கே என்று கேட்டால், காலில் அடி, காய்ச்சல் என்று எந்தக் கதையும் விட மாட்டேன்; நடந்ததைச் சொல்வேன். இது காலத்துக்கும் தடை இல்லை. அவன் நேரில் போய்ப் பேச வேண்டியவர்களிடம் பேசட்டும். பெண்கள் எப்போது அவனை எதிரே நிறுத்திப் பிடிக்கச் சம்மதிக்கிறார்களோ, அன்றைக்குச் சட்டை. எத்தனை நாள் ஆகும் என்று அவர்களை யாரும் நெருக்கக் கூடாது. சம்மதிக்கவே இல்லை என்றால் அதுவும் அவர்கள் உரிமை.

தங்கராசு துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். கவிதா சுண்ணாம்பை எடுத்து அழிந்திருந்த நடுக்கோட்டைப் போடப் போனாள்.

இன்று காலையில் ராசாத்தி என் வாசலைத் தாண்டித்தான் ஜீப்புக்குப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வலியப் போய், "மாரியம்மா பக்கத்துலயா உக்காரப் போற?" என்றேன்.

"ஒனக்கு எதுக்கு அது? ஒஞ் சோலியப் பாரு," என்றாள். ஏறிவிட்டாள். எங்கே உட்கார்ந்தாள் என்று இருட்டில் தெரியவில்லை.

பாண்டி என்னோடு பேசுவதில்லை. ஆனால் மத்தியானம் கவிதா தெரு முனையில் அவன் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளே போகவில்லை, திரும்பியும் போகவில்லை. ஒரே மூச்சில் ஆறு பேரைத் தொட்டுவிட்டு வருகிறவனுக்கு அந்தத் தெரு அவ்வளவு நீளமாக இருந்திருக்கிறது. கூடப் போகலாமா என்று எனக்குக் கால் துடித்தது. போகவில்லை. அது அவன் போக வேண்டிய ரெய்டு.

நாளைக் காலையில் பஸ்சு அவன் இல்லாமல் கிளம்பும். முதல் ஆட்டத்திலேயே தோற்று, சாயங்காலமே ஊர் திரும்பினாலும் திரும்புவோம். லீக்கில் அவனுக்கு இருந்த இடம் வேறு எவனுக்கோ போகலாம். அது என்னால் போனது என்று உன் பெண்டாட்டி என்னை ஆயுசுக்கும் சொல்வாள். சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான் மாப்ளே: அவனை ஒருநாளும் கைவிட மாட்டேன், அவனுக்காக ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். சட்டை என் பெட்டியில் பூட்டி இருக்கிறது. அந்தப் பெண்கள் சொல்லாமல், எமனும் இந்திரனும் சிபாரிசுக்கு வந்தாலும், நீயே மேலேயிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் கேட்டாலும் தர மாட்டேன்.

ஆனாலும் ஒரு தடவை வந்து கேட்டுப் பாரேன்.

இப்படிக்கு,
உனக்கு மச்சான், ராசாத்திக்கு அண்ணன், உன் மகனுக்கு என்றைக்கும் தாய்மாமன்,
வீரணன்