ஒன்பது கிலோ

திருவனந்தபுரம்,
16.7.1998

அன்பு மகன் செல்வினுக்கு,

கர்த்தருடைய சமாதானம் மஸ்கட்டிலும் உன்னோடு இருப்பதாக. இங்கே என் உடம்பில் பல்லைத் தவிர மற்றவை ஒழுங்காக இருக்கின்றன. மழை விடவில்லை, பின்சுவர் ஈரம் கோத்துவிட்டது. இவற்றை முதலில் எழுதுவது எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று எனக்கே தெரிகிறது. உன் மனைவி ஜெபமலர் வேண்டுமென்றே எனக்கு வேகாத சோறு போடுகிறாள் என்று மூன்று கடிதங்களில் எழுதியிருந்தேன். அதை நம்பி நீ அவளைக் கண்டித்து எழுதினாய். மறுநாளே அவள் பெட்டியோடு பாறசாலைக்குத் தாய்வீடு போய்விட்டாள். போகும்போது சத்தம் போடவில்லை. "மாமி, சோறு வெந்துதான் இருக்கு. நான் இனி என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டாள். நான் செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. பிறகு நானே கடிகாரம் பார்த்துச் சம்பா அரிசி பொங்கினேன். அதுவும் கல்லாகவே இருந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும், நானோ ரேஷன் கடையைத் திட்டினேன்.

செவ்வாயன்று ஈறில் இரத்தம் கசிந்ததால் பல் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஆர்ஷா என்ற மேற்படிப்பு மாணவி, முதியவர்களின் கடிக்கும் வலிமையை அளந்துகொண்டிருந்தாள். ரப்பர் உறையிட்ட இரு தகடுகளைக் கடைவாயில் வைத்து, முடிந்தமட்டும் கடிக்கச் சொல்கிறாள். பக்கத்துப் பெட்டியில் எண் விழுகிறது. எழுபத்திரண்டு வயதில் இருபத்தாறு பல் சொந்தமாக உள்ளவள் என்ற செருக்கோடு கடித்தேன். ஒன்பது கிலோ. கருவி பழுது என்றேன். அவள் உறையை மாற்றித் தானே கடித்துக் காட்டினாள், ஐம்பத்தொன்று. "மெஷினுக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல, அம்மச்சி. கடைப்பல்லு எல்லாம் ஆடுது. இத வெச்சு எப்படியா சோறு சவைக்கிறது?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள். மருத்துவக் கேள்விதான், எனக்கோ வேகாத சோறு என்று உனக்கு எழுதிய மூன்று கடிதங்களும் நினைவுக்கு வந்தன. அளக்காமல் முடிவு எழுதிய மாணவிகளின் நோட்டை முப்பது ஆண்டுகள் திருப்பி எறிந்த பௌதிக ஆசிரியை நான், என் வாயை அளக்காமல் அடுத்தவள் பானைக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். இன்னும் கேள். பாத்திரம் தேய்க்க வரும் தாசம்மாளிடம் விசாரித்தேன். ஈஸ்டரிலிருந்தே ஜெபமலர் எனக்கு மட்டும் சின்னப் பானையில் தனியாக அரைமணி நேரம் கூடுதலாக வேகவைத்தாளாம். தேய்ப்பவளுக்குத் தெரிந்தது தின்றவளுக்குத் தெரியவில்லை.

நீ இன்றே அவளுக்கு எழுது. என் வயதைக் காரணம் காட்டாதே. அம்மா தவறாகச் சொன்னாள், நான் விசாரிக்காமல் நம்பினேன் என்று மட்டும் எழுது. என் பழைய கடிதங்களைக் கிழிக்காதே, அவள் கேட்டால் காட்ட வேண்டும். உன் பல்லையும் ஒருவரிடம் காட்டு. வலி இல்லாததை நம்பி இருந்துவிடாதே. கர்த்தர் உன்னைக் காத்து, உன் வேலையை ஆசீர்வதிப்பாராக. இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நகலைத் தபாலில் போடப்போவதில்லை. சனிக்கிழமை பாறசாலை பஸ்ஸில் கொண்டுபோய் ஜெபமலர் கையில் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கும்வரை நான் எதிரில் நிற்க வேண்டும்.

உன் தாய்,
ஞானபாய்