நீ இறந்துபோன செய்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும், நேற்றுக்கூட அந்த ஊர்க் குளிரில் உதடு வெடித்துவிட்டது என்று போனில் புலம்பினாய், வெண்ணெய் தடவு என்றேன். இதையும் அப்போதே சொல்ல வாயெடுத்தேன், நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி, பயப்படாதே. நம் தெருவில் நீ இறந்துபோய்விட்டாய்.

முதலில் கீழ்வீட்டுப் பேக்கரிக்காரி படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் புருஷனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதாக்கும் என்று முதுகைத் தடவி ஆறுதல் சொல்லி அனுப்பினேன், அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவள் என்று நான் என்னத்தைக் கண்டேன். தையல் கடையில் ஒரு சட்டைக்குக் கையைக் குட்டையாக வெட்டிவிட்டேன், நூல் வீணானாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற முதலாளி, பரவாயில்லம்மா, விடுங்க என்று மெல்லச் சொன்னார். மறுநாள் மத்தியானம் அப்பாவின் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு வேலை செய்கிற லிஃப்ட் மெக்கானிக்குகள் எல்லோரும் சேர்ந்து போட்ட பணம் என்று ஒரு கவரை நீட்டினார். பொண்ணோட உடம்பக் கொண்டுவரச் செலவாகும்னு உங்க வீட்டுக்காரரு சொன்னாரு, எங்களால ஆனது இவ்வளவுதான் என்றார். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே நின்றேன். என் பொண்ணு நல்லா இருக்கா, இன்னிக்குக் காலைலதான் பேசினா என்றேன். அந்த மனுஷர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அப்படித்தாம்மா இருக்கும், கொஞ்ச நாளைக்குக் குரல் காதுலயே கேட்டுக்கிட்டு இருக்கும் என்றார். எனக்கு ஆத்திரம் வந்து உன் நம்பரைப் போட்டு அவர் காதருகிலேயே பிடித்தேன். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. நீ வேலையில் இருந்திருப்பாய். அவர் மெதுவாக என் கையிலிருந்து போனை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உண்மையிலேயே எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்பா போனில் பணம் கட்டி அந்தப் படம் சுற்றும் சூதாட்டம் ஆடுவது உனக்குத் தெரியும், இவ்வளவு தூரம் என்று தெரியாது, எனக்கும் தெரியாது. பல் கட்டவென்று உன்னிடம் வாங்கிய பணம் பல்லுக்குப் போகவில்லை, இன்னும் ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறார். அன்று வீட்டுக்கு வந்ததும் கவரைத்தான் கேட்டார். அதக் குடு, இன்னிக்கு எல்லாத்தயும் மீட்டுடுவேன், நேத்து ஒரே ஒரு கட்டம் தள்ளி நின்னுடுச்சு என்றார். நம்ம பொண்ணு செத்துட்டாளா என்று கேட்டேன். அதற்கு அவர் மழுப்பவில்லை, திட்டவில்லை, தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். எப்படி நடந்தது என்று என்னிடமே சொன்னார், ஈரமான சாலையாம், பச்சைக் கோட்டுப் போட்டிருந்தாயாம், ஒரு செருப்பு மட்டும் ஓரத்தில் கிடந்ததாம். பணம் கேட்டுப் பலரிடம் சொல்லிச் சொல்லி அது அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அழுகிற நேரத்திலும் அவருடைய கட்டைவிரல் மட்டும் வெறும் தொடைமேல் தட்டிக்கொண்டே இருந்தது, அந்த விரலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாததுபோல. அந்தச் சமயம் பார்த்து நீ திருப்பிக் கூப்பிட்டாய். திரையில் உன் முகம் வந்தது. அவர் சுவரோடு சுவராக ஒடுங்கிப்போய், எடுக்காத, எடுக்காத என்றார். பொய் வெளியே வந்துவிடும் என்று பயந்தாரா, செத்தவள் கூப்பிடுகிறாள் என்று பயந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஏன்மா மூச்சு வாங்குது என்று நீ கேட்டாயே, படி ஏறி வந்தேன் என்றேனே, அது அன்றைக்குத்தான்.

கவரைக் கொண்டுபோய்ச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன், இந்தத் தடவை நீ போனில் பேசினாய், என்ன ஏது என்று தெரியாமலே வணக்கம் சொன்னாய், அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அப்பாவை இழுத்துக்கொண்டு மனநல டாக்டரம்மாவிடம் போனேன். குடிக்காமலே வருகிற போதை இது என்றார் அவர். பணத்தாசை என்றுதான் நான் நினைத்திருந்தேன், அது இல்லையாம், ஜெயித்தாலும் நிறுத்த முடியாதாம், நூலிழையில் தோற்றால் ஜெயித்த மாதிரியே மூளை துள்ளுமாம். அதைக் கேட்டதும் அப்பாவே வாய்விட்டுச் சொன்னார், பட்டன்ல வெளக்கு எரிஞ்ச பிறகும் லிஃப்ட் வர்றதுக்கு அழுத்திக்கிட்டே நிப்பானுங்க, அவனுங்களப் பார்த்து நான் சிரிப்பேன் டாக்டர் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், பொய்தான் சொல்வது என்றால் நான் செத்தேன் என்று சொல்லியிருக்கக்கூடாதா, பெற்ற மகளையா சொல்வது என்று. கையில் கடைசியாக எது மிச்சம் இருக்கோ அதத்தானே வைப்பாங்க என்றார் டாக்டரம்மா. அவருக்கு உன்மேல் உயிர், அதனால்தான் உன்னைப் பணயம் வைத்தார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நேரம் ஆனது, கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

வாரம் ஒருநாள் வரச்சொல்லியிருக்கிறார்கள், போகிறார். குணமாகிவிடும் என்று யாரும் கையடித்துச் சொல்லவில்லை, நானும் உனக்குச் சொல்லமாட்டேன். சீக்கிரம் அவராகவே உன்னைக் கூப்பிடுவார். அழுவார், அந்த அழுகையை நம்பு. கடைசி ஒரு தடவை, இதோடு சரி என்பார், அதை நம்பாதே. கடனை அடைக்க நீ அனுப்பினால் அது கடனுக்குப் போகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். அடிக்கடி அவரோடு பேசு, சமைத்தது, தூங்கியது, பஸ்ஸைத் தவறவிட்டது என்று ஒன்றுமில்லாததையெல்லாம் பேசு. நீ உயிரோடு இருப்பது அவருக்குத் திரும்பப் பழக வேண்டும். ஆனால் பணம் என்று வாயைத் திறந்தாரானால், கண்ணே, அந்த நிமிஷத்துக்கு மட்டும் நீ செத்தவளாகவே இரு.

உதட்டைக் கவனி, வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயசு நன்றாக இரு. எல்லா அம்மாவும் எழுதுவதுதான், இந்தத் தடவை நான் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கிற மகளின் அம்மா