சுவரைத் தொடாதே

மார்ச் 4, செவ்வாய்

இன்று வலி ஏழு. தாளில் மூன்று என்று எழுதினேன்.

பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது அந்தத் தாள். பிசியோ பெண் கொடுத்தது. தினமும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுத வேண்டும். பத்து என்றால் தாங்கவே முடியாது என்று அர்த்தம். பிள்ளை பெற்றபோது எத்தனை என்று நினைத்துக்கொண்டு அதை வைத்து எழுதுங்கள் என்றாள். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து பத்து வாரம். முதுகு ஆறிவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். கால்தான் ஆறவில்லை. இடது கால். இடுப்பில் ஆரம்பித்து, பின்தொடை வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் சூடான கம்பியை உள்ளே விட்டு உருவுகிற மாதிரி. ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு அதே கால், அதே கோடு.

மருத்துவர் போன தடவை சொன்னது: நரம்பு ஆற நாளாகும். இரண்டு வாரம் தொடர்ந்து எண் மூன்றைத் தாண்டாமல் இருந்தால் குழந்தையைத் தூக்கலாம். அதுவரைக்கும் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. 24-ம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

என் பூசணி பத்தரைக் கிலோ. ஒன்றே கால் வயது. ஏழு என்று எழுதினால் அவள் யார் இடுப்பில் இருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

வார்டன் இடுப்பில்.

வார்டன் என்பது என் வீட்டுக்காரருடைய அக்கா. பெண்கள் விடுதியில் பதினாறு வருடமாக நிஜமாகவே வார்டன். சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டு எங்களுக்கு உதவ வந்திருக்கிறார். இதை அவரே ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொல்கிறார். முகத்துக்கு நேரே அண்ணி. இந்த நோட்டுக்குள் வார்டன்.

இன்றும் அதே பாட்டு. “சுவத்தைத் தொடாத. பெயின்ட் அடிச்சு ஆறு மாசம்கூட ஆகல.”

படுக்கையறையிலிருந்து நடை தொடங்குகிறது. பாதியில் குளியலறை, கடைசியில் சமையலறை. சுவரைப் பிடிக்காமல் என்னால் அந்த நடையில் போக முடியாது. காலுக்குத் தேய்க்கிற தைலம் கையில் இருக்கும், சுவரில் வரிசையாக எண்ணெய்க் கைத்தடம். தினமும் வார்டன் சோப்புத் தண்ணீரும் பழந்துணியுமாக உட்கார்ந்து அதைத் துடைக்கிறார். எனக்குக் கேட்கிற மாதிரிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு.

மார்ச் 5, புதன்

மூன்று.

மார்ச் 8, சனி

அவர் வேலைக்குக் கிளம்பும்போது தாளைப் பார்த்துவிட்டு, “பரவால்லியே, ரெண்டு வந்துடுச்சே” என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். நன்றாகப் பரீட்சை எழுதின பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. ஊரில் இருக்கிற லிப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனிதர். நாங்கள் குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடியில். முன்பெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

பூசணி மத்தியானம் தூக்கத்துக்கு அழுதாள். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். ஒரு கணம் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிப் போய் வார்டன் முட்டியைக் கட்டிக்கொண்டாள்.

வார்டன் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் துணி மடித்துக்கொண்டே தட்டிக்கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

எப்படி முடிகிறது அந்தப் பொம்பளையால? ஐம்பத்திரண்டு வயசு.

மார்ச் 11, செவ்வாய்

ஆய்வகத்திலிருந்து மேலாளர் பேசினார். எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

நான் தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து மேசைக்காரர் சோம்பல்பட்டு, அளக்காமலேயே ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டார். கண்டுபிடித்து மேலே சொன்னவள் நான்தான். வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஒரு ஊரே குடிக்கிற தண்ணீர், இதில் போய் விளையாடுவாரா என்று அன்றைக்கு எத்தனை நியாயம் பேசினேன்.

தாளில் இன்று: இரண்டு. காலில் எட்டு.

மார்ச் 12, புதன்

இரண்டு. (எழுதும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.)

மார்ச் 15, சனி

பால்கனியில் வார்டன் போனில் பேசிக்கொண்டிருந்தார். விடுதிச் சமையல்காரம்மாவிடம். மெதுவாகப் பேசத் தெரியாது, பாவம், நானூறு பெண்களை அதட்டின தொண்டை.

“வாயத் திறந்தா கால் கால்ங்கறா. தாள்ல ரெண்டுன்னு எழுதறா. ரெண்டுல எது பொய்யின்னு நான் கண்டுபிடிக்கறேன் இரு.”

பிறகு பழைய கதை ஒன்று. தெர்மாமீட்டரை டீ டம்ளருக்குள் விட்டு எடுத்து, நூற்றிரண்டு டிகிரி மேடம் என்று வந்து நின்ற பெண்ணைப் பற்றி. சிரிப்பு.

நடிக்கிறேனாம். கம்பியை அந்தம்மா காலுக்குள்ள விட்டு உருவினா தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதைச் சொல்லிச் சண்டை போடுவேன்? வலி நிஜம் என்றா? அப்படியானால் தாள் பொய். தாள் நிஜம் என்றா? அப்படியானால் சுவரை ஏன் பிடிக்கிறாய் என்பார்.

உள்ளே வந்து, “டீ போடவா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேண்டியிருந்தது.

மார்ச் 19, புதன்

பிசியோவுக்குப் போய்விட்டுப் படியேறி வந்தேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. வார்டன் இறங்கிப் போய் முதல் மாடித் திருப்பத்திலிருந்து எடுத்து வந்தார். கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நடக்கத்தான் தெரியல, செருப்பையாவது கால்ல வெச்சுக்கக் கூடாதா?”

இன்னும் ஐந்து நாள்தான். அனுமதி வாங்கிவிட்டால் குழந்தை என் கையில். வார்டன் விடுதிக்கு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மார்ச் 21, வெள்ளி

எழுதவா வேண்டாமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வார்டன் குளிக்கப் போனார். பூசணி தரையில் டப்பாக்களோடு விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். தூக்கு என்று. என்னிடம். எத்தனை வாரத்துக்குப் பிறகு.

தூக்கினேன்.

மூன்று அடி நடந்தேன். அவள் தலைமுடி என் கன்னத்தில் பட்டது. சோப்பு வாசனை, பால் வாசனை. நாலாவது அடியில் இடது கால் இல்லை. வலிக்கவில்லை, மடங்கவில்லை, இருந்த இடத்தில் கால் இல்லவே இல்லை. சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தேன். அவளை விடவில்லை. ஆனால் அவள் வாய் என் தோளில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. சின்னக் கிழிசல்தான். ரத்தம் மட்டும் நிறைய.

வார்டன் ஈரத் தலையோடு ஓடி வந்தார். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கினார் என்பதுதான் சரியான சொல். அவளும் அழுதுகொண்டே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மாங்கற பேரு வேணும் உனக்கு. அதுக்கு இதோட மண்டை உடையணுமா?”

ஆமா, வேணும். என் பிள்ளைதானே. வேணும்னு நினைச்சா தப்பா? நான் பெத்தது, என் முதுகு போனதே இதைச் சுமந்து சுமந்துதான். இவங்க பிள்ளை பெத்தாங்களா, இவங்களுக்கு என்ன தெரியும்...

வேண்டாம். அதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

அவர் வேலையிலிருந்து வந்ததும் வார்டன் சொல்லிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். டப்பாவில் இடித்துக்கொண்டாள் என்று மட்டும் சொன்னார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. என்னைக் காப்பாற்ற இவர் யார்?

மார்ச் 22, சனி

இரண்டு என்று எழுதினேன். கோணலாக விழுந்தது.

மார்ச் 24, திங்கள்

எங்கேயோ லிப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று காலையிலேயே அவருக்கு அழைப்பு. அதனால் வார்டன் என்னோடு வந்தார். பூசணி பக்கத்து வீட்டில்.

மருத்துவர் தாளைப் பார்த்தார். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. முகம் மலர்ந்தது. அவர் மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ரொம்ப நல்ல முன்னேற்றம் என்றார், இனி ஸ்கேன் எதுவும் தேவையில்லை, குழந்தையை உட்கார்ந்து தூக்கப் பழகுங்கள், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எழுதாதீங்க டாக்டர். இவ பொய் சொல்றா.”

காது சூடாகிவிட்டது. பக்கத்தில் நர்ஸ், கதவோரம் அடுத்த நோயாளி. அண்ணி, சும்மா இருங்க என்று கையைப் பிடித்தேன். கையை உதறினார்.

“நான் தினம் சுவரு துடைக்கறவ. நான் வந்த புதுசுல இவ கை குளியலறை வரைக்கும்தான் இருக்கும். ஒரு பக்கம்தான். போன வாரத்துலேருந்து சமையலறை வாசல் வரைக்கும் இருக்கு. ரெண்டு பக்கமும் இருக்கு. மேல இருந்த கை இடுப்பு உயரத்துக்கு வந்துடுச்சு. இந்தாங்க.”

பையிலிருந்து எடுத்தார். அன்றைக்குக் கழன்ற என் இடது செருப்பு; இன்று நான் வேறு ஜோடி போட்டு வந்திருந்தேன். தாளில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நுனி மட்டும் தேய்ந்து கிழிந்திருந்தது.

“வலது அப்படியே புதுசா இருக்கு. இது கழண்டு விழுந்தாக்கூட இவளுக்குத் தெரியறதில்ல. வெள்ளிக்கிழமை பிள்ளையோட விழுந்தா. காய்ச்சல்னு நடிக்கற பொண்ணுங்களைப் பத்தி எனக்குக் கவலை இல்ல டாக்டர். பரீட்சை எழுதணும்னு காய்ச்சல மறைக்கறா பாருங்க, அவளைத்தான் நான் ராத்திரி பூரா உக்காந்து பாத்துக்கணும்.”

மருத்துவர் பேனாவை மூடினார். எழுந்து நிற்கச் சொன்னார். விரல்களைத் தரையில் படாமல் தூக்கி, குதிகாலால் நடங்கள் என்றார்.

வலது கால் நடந்தது. இடது பாதம் எழும்பவே இல்லை. தூக்கு தூக்கு என்று உள்ளே சொல்கிறேன், அது வேறு யாருடைய காலோ மாதிரிக் கிடக்கிறது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாளைக்கே ஸ்கேன் என்றார். “எண்ணை நம்பித்தான் நான் முடிவு பண்றேன்மா” என்றார். திட்டியிருக்கலாம்.

ஆட்டோவில் கேட்டேன், எதுக்கு அண்ணி எல்லார் முன்னாடியும் அப்படி அசிங்கப்படுத்தினீங்க?

“வீட்டுல சொன்னா கேட்டிருப்பியா?”

வீடு வரும் வரைக்கும் அவர் அந்தப் பக்கம் பார்த்தார், நான் இந்தப் பக்கம்.

இன்று: எட்டு. தாளில் எட்டு.

மார்ச் 26, புதன்

அதே இடத்தில் முதுகெலும்பு வட்டு மறுபடியும் பிதுங்கி, ஒரு துண்டு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டாவது அறுவை சிகிச்சை. தள்ளிப்போடக் கூடாதாம். வலி குறைய நிறைய வாய்ப்பு உண்டு என்றார் மருத்துவர். பாதம் பழையபடி எழும்புமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு மாதம் முன்னாலேயே வந்திருந்தால்? அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இந்த ஒரு வாக்கியத்தோடுதான் நான் இனி குடித்தனம் நடத்த வேண்டும்.

வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் தினம் இதைப் பாத்து சந்தோஷப்பட்டுட்டுப் போனேனே” என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சௌகரியமாக இருந்திருக்கும்.

வார்டன் விடுப்பை இன்னும் இரண்டு மாதம் நீட்டித்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நாளைக்கு. பயமாக இருக்கிறது. பூசணியின் நகத்தை வெட்டிவிட்டேன், உட்கார்ந்தபடி. பத்து விரலுக்கும் அசையாமல் இருந்தாள்.

ஜூன் 14, சனி

வார்டன் விடுதிக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுத நினைத்தேன்.

தாளில் இன்று நான்கு. நிஜமான நான்கு. கம்பி உருவுவது நின்றுவிட்டது, அது இருந்த இடத்தில் ஒரு கனம் மட்டும். பாதம் பாதி எழும்புகிறது. செருப்புக்குப் பின்னால் வார் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார் செருப்புக்காரர். மேலாளரிடம் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். பூசணியை இன்னும் தூக்கக் கூடாது. நான் தரையில் உட்கார்ந்தால் அவளே மடியில் ஏறிக்கொள்கிறாள், மலையேறுகிற மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

ஆறு மணிக்கு வார்டன் போன். தினமும் ஆறு மணிக்கு. கால் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“சுவரு எப்படி இருக்கு?”

“குளியலறை வரைக்கும்தான் அண்ணி.”

“ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?”

“ஒரு பக்கம்.”

நடுவில் அங்கே யாரோ ஒரு பெண்ணை அதட்டினார். பிறகு நானாகவே சொன்னேன், கீழே முழங்கால் உயரத்தில் சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது, சமையலறை வரைக்கும், இரண்டு பக்கமும், அது நான் இல்லை என்று.

“அதுக்கும் கத்துக்கொடுத்துட்டியா? எல்லாத்தையும் துடைச்சு வை. ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

துடைத்துவிட்டேன் என்றேன்.

துடைக்கவில்லை. வந்து பார்க்கட்டும்.